கால்பந்துப் பந்தயத்தில் காட்டப்படும் எண்களை எப்படிப் படிப்பது?

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு அண்மையில் 21 வயது நிறைந்தது. சிங்கப்பூர் பூல்ஸ் என்ற பந்தய நிறுவனத்தில் இணையக் கணக்கு திறந்து, வார இறுதியில் நடக்கும் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்குச் சிறு தொகைகளைக் கட்டி வருகிறான். அதை என்னிடம் அவன் மறைக்கவில்லை. கைப்பேசியில் அவன் காட்டும் பக்கத்தில் ஓர் ஆட்டத்திற்கு எதிரே 1.80, 3.40, 4.00 என்று மூன்று எண்களும், அவற்றுக்குக் கீழே -0.5, -0.75 என்று வேறு சில எண்களும் இருக்கின்றன. அவன் "ஆட்ஸ்" என்றும் "ஹேண்டிகேப்" என்றும் பேசும்போது எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. விளங்காத ஒன்றைப் பற்றி வளர்ந்த பிள்ளையிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று நினைக்கிறேன். கணக்குத் தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்து விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்காசிரியர் எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில், உங்கள் மகன் "ஆட்ஸ்" என்று சொல்லும் அந்த மூன்று எண்களை, அதாவது பந்தய விலைகளைப் பார்ப்போம். முதல் எண் சொந்தத் திடலில் ஆடும் அணி வெல்வதற்கும், நடு எண் ஆட்டம் சமநிலையில் முடிவதற்கும், மூன்றாம் எண் எதிரணி வெல்வதற்கும் உரியவை. ஒவ்வோர் எண்ணும் நீங்கள் கட்டும் ஒரு வெள்ளிக்குத் திரும்பக் கிடைக்கும் மொத்தத் தொகையைக் காட்டுகிறது; கட்டிய பணமும் அதற்குள் அடக்கம். 1.80 என்ற எண்ணுக்கு 10 வெள்ளி கட்டி, அந்த அணி வென்றால் கைக்கு வருவது 18 வெள்ளி. அதில் லாபம் 8 வெள்ளி மட்டுமே. புதியவர்கள் பலர் 18 வெள்ளியும் லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்து, ஒன்றை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.80 என்பது 55.56 விழுக்காடு, 3.40 என்பது 29.41 விழுக்காடு, 4.00 என்பது 25 விழுக்காடு. அந்த முடிவு ஏற்பட எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று அந்த விலை சொல்கிறதோ, அந்த அளவு இது. ஓர் ஆட்டத்திற்கு மூன்று முடிவுகள்தான் உண்டு என்பதால் மூன்றையும் கூட்டினால் 100 வர வேண்டும். கூட்டிப் பார்த்தால் 109.97 வருகிறது. மிகுதியாக நிற்கும் அந்த ஏறத்தாழ 10 விழுக்காட்டில்தான் பந்தய நிறுவனத்தின் வருமானம் இருக்கிறது.

இதை வேறு விதமாகவும் சோதிக்கலாம். யார் வென்றாலும் 100 வெள்ளி வரும்படி மூன்று முடிவுகளுக்கும் பணம் கட்ட நினைத்தால், முதல் அணிக்கு 55 வெள்ளி 56 காசும், சமநிலைக்கு 29 வெள்ளி 41 காசும், எதிரணிக்கு 25 வெள்ளியும் கட்ட வேண்டும். மொத்தம் 109 வெள்ளி 97 காசு கொடுத்து, எந்த முடிவு வந்தாலும் 100 வெள்ளிதான் பெறுவீர்கள். சிராங்கூன் சாலையில் பணம் மாற்றுபவரிடம் வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றி, அங்கேயே நின்று திரும்ப வெள்ளியாக மாற்றினால் கொஞ்சம் குறைந்து வருவதைப் போன்றதுதான் இதுவும். குறைந்தது எங்கே என்றால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்.

மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைத்து நூறுக்குக் கொண்டுவந்தால் முதல் அணியின் வெற்றி வாய்ப்பு 50.5 விழுக்காடு, சமநிலை 26.7, எதிரணி 22.7 என்று ஏறத்தாழ வரும். நிறுவனங்கள் இந்த மிகுதியை மூன்றின் மேலும் சமமாகப் பரப்புவதில்லை, பெரிய எண்களின் மேல் கூடுதலாக ஏற்றுவது வழக்கம் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆயினும் தொடங்குபவருக்கு இது போதும். உங்கள் மகனிடம் ஓர் ஆட்டத்தின் மூன்று எண்களைக் கொடுத்து, இந்தக் கூட்டலைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஈசூன் ரசிகன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் நடைமுறையில் நாங்கள் பார்ப்பது வேறு. எண் சிறியதாக இருந்தால் அந்த அணி வெல்வது ஏறக்குறைய உறுதி. 1.20, 1.30 என்றிருக்கும் பெரிய அணிகளாகத் தேர்ந்து, நான்கைந்தை ஒரே சீட்டில் சேர்த்துக் கட்டினால் எண்கள் ஒன்றோடொன்று பெருகி நல்ல தொகையாகிவிடுகிறது. ஒவ்வோர் ஆட்டமாகக் கட்டுவதைவிட இது அறிவான வழி என்பது என் கருத்து. லெஸ்டர் சிட்டி 2015-16 பருவத்தில் 5000-க்கு 1 என்ற நிலையிலிருந்து பிரீமியர் லீக் பட்டம் வென்றதை நினைத்தால், பெரிய எண்களும் சில நேரம் நிறைவேறத்தான் செய்கின்றன.

கணக்காசிரியர் எழுதியது:

தம்பி, 1.20 என்பது 83.3 விழுக்காடு. நிறுவனத்தின் மிகுதி அதிலேயே அடங்கியிருப்பதால் உண்மையான வாய்ப்பு அதைவிடக் குறைவு. மிகுதி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஆறில் ஒரு முறை அந்த அணி வெல்லாது. உலகக் கிண்ணத்தில் 2022 நவம்பர் 22-ஆம் தேதி சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது நினைவிருக்கும். அர்ஜென்டினா வெல்லும் என்பதில் அன்று ஏறக்குறைய எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதே அணிதான் அடுத்த மாதம் கோப்பையையும் வென்றது. அணி பலவீனமானது என்பதற்கு அந்தத் தோல்வி சான்றாகாது. உறுதி என்று தோன்றும் ஆட்டத்திலும் ஆறில் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதற்கே அது சான்று.

சேர்த்துக் கட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இதுதான் என்று கருதுகிறேன். மேலே பார்த்த 1.80 எண்ணையே எடுத்துக்கொண்டு, அதே போன்ற நான்கு ஆட்டங்களை ஒரே சீட்டில் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். 1.80-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 10.50 வருகிறது. ஒரு வெள்ளிக்குப் பத்தரை வெள்ளி என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வோர் அணியின் உண்மையான வாய்ப்பு 50.5 விழுக்காடு என்றால், நான்கும் வெல்லும் வாய்ப்பு 6.5 விழுக்காடுதான். அந்த வாய்ப்புக்கு நியாயமான விலை 15 வெள்ளிக்கும் மேல். 15 கொடுக்க வேண்டிய இடத்தில் பத்தரை கொடுக்கிறார்கள்.

தனி ஆட்டத்தில் நூறு வெள்ளிக்குச் சராசரியாக ஒன்பது வெள்ளி குறைகிறது என்றால், நான்கு ஆட்டங்களைச் சேர்த்த சீட்டில் ஏறத்தாழ முப்பத்திரண்டு வெள்ளி குறைகிறது. எண்கள் பெருகும்போது மிகுதியும் உடன் பெருகுகிறது. வெற்றித் தொகை மட்டும் கண்ணில் படுவதால் இந்த இரண்டாவது பெருக்கல் தெரிவதில்லை.

லெஸ்டரின் 5000-க்கு 1 என்பதைத் தசம முறையில் எழுதினால் 5001. அதன் வாய்ப்பு 0.02 விழுக்காடு. அந்த ஒன்றை நினைவில் வைத்திருக்கிறோம். அதே போன்ற எண்களோடு தோற்றுப்போன அணிகளின் பெயர்கள் நமக்கு நினைவில் இல்லை.

பூன்லே இரவுப்பணி எழுதியது:

எண்களை எழுதும் முறை இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடுபவர்கள் இதில்தான் குழம்பிப்போகிறார்கள். பூல்ஸ் பயன்படுத்துவது தசம முறை. பிரிட்டனில் 5/2 என்று பின்னமாக எழுதுவார்கள். 2 கட்டினால் 5 லாபம், தசமத்தில் 3.50. அமெரிக்க முறையில் +150 என்றால் 100 கட்டினால் 150 லாபம், அதாவது 2.50. -200 என்றால் 100 லாபம் பெற 200 கட்ட வேண்டும், அதாவது 1.50.

இந்த வட்டாரத்தில் மலாய் முறை என்று ஒன்றும் உண்டு. அதில் எண் எப்போதும் ஒன்றைத் தாண்டாது. 0.90 என்றால் 1 கட்டி 90 காசு லாபம், தசமத்தில் 1.90. -0.90 என்றால் 90 காசு கட்டி 1 வெள்ளி லாபம், தசமத்தில் ஏறத்தாழ 2.11. கழித்தல் குறியைப் பார்த்ததும் இழப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வெற்றி வாய்ப்புக் குறைந்த பக்கத்திற்கே அந்தக் குறி வருகிறது.

மலாய் முறையில் விலை சொல்பவர் காப்பிக்கடையிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களை அணுகினால், அவர் உரிமம் பெற்றவர் அல்லர் என்றே கொள்ளுங்கள். இங்கே விளையாட்டுப் பந்தயம் நடத்த உரிமம் பெற்றிருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றுதான். 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். புக்கி மட்டும்தான் மாட்டுவான் என்று எண்ணுபவர்களை என் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அத்துடன் இப்படிப்பட்டவர்கள் கடனுக்கு விளையாட விடுவார்கள். பணத்தைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் விளையாடுபவருக்கு, தோற்ற தொகை கணக்கு முடிக்கும் நாள்வரை உறைப்பதில்லை.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

மிக்க நன்றி. நேற்று மகனோடு உட்கார்ந்து ஆசிரியர் சொன்ன கூட்டலைச் செய்து பார்த்தேன். அவன் இதுவரை அதைச் செய்ததே இல்லை என்றான். மூன்று எண்களுக்கும் விடை நூற்றைத் தாண்டியதைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். இப்போது அந்த -0.75 என்பதை யாராவது விளக்க முடியுமா? முக்கால் கோல் என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

உட்லண்ட்ஸ் நடுவர் எழுதியது:

ஐயா, வார இறுதிகளில் அமெச்சூர் ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். ஹேண்டிகேப் என்பது வலுவான அணியின் கணக்கிலிருந்து சில கோல்களைக் கழித்துவிட்டு முடிவைப் பார்ப்பது. -0.5 என்றால் அரைக் கோல் கழிகிறது. அந்த அணி எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றாலும் உங்களுக்கு வெற்றி, சமநிலையும் தோல்வியும் உங்களுக்கு இழப்பு. -1 என்றால் இரண்டு கோலோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் வென்றால்தான் வெற்றி. சரியாக ஒரு கோலில் வென்றால் கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும்.

-0.75 என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் பணத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை -0.5-க்கும் பாதியை -1-க்கும் வைத்துவிடுகிறார்கள். 1.90 என்ற விலையில் 100 வெள்ளி கட்டியிருப்பதாகக் கொள்வோம். அணி இரண்டு கோலில் வென்றால் இரு பாதிகளும் வென்று 190 வெள்ளி வரும். ஒரே கோலில் வென்றால், -0.5-இல் உள்ள 50 வெள்ளி 95 வெள்ளியாகும், -1-இல் உள்ள 50 வெள்ளி அப்படியே திரும்பும், மொத்தம் 145. சமநிலையோ தோல்வியோ என்றால் முழுவதும் போய்விடும். -0.25 இதே போல 0-க்கும் -0.5-க்கும் நடுவில் பிரிகிறது; ஆட்டம் சமநிலையில் முடிந்தால் பாதிப் பணம் திரும்பும், பாதி போகும்.

இந்தக் கால், அரை, முக்கால் எல்லாம் வலுவான அணியையும் வலுவற்ற அணியையும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கொண்டுவருவதற்காகத்தான். பார்ப்பதற்கு இரு பக்கமும் 1.90 என்று நியாயமாகத் தோன்றும். ஆசிரியர் சொன்ன கூட்டலை இங்கேயும் செய்தால் 52.63 இரண்டு முறை, மொத்தம் 105.26. மூன்று முடிவுள்ள பந்தயத்தைவிட மிகுதி குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

புதியவர்கள் சண்டையிடும் இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கால்பந்துப் பந்தயங்கள் 90 நிமிடமும் நடுவர் சேர்க்கும் காயநேரமும் முடிந்த நிலையை வைத்தே தீர்க்கப்படுகின்றன. கூடுதல் நேரமும் பெனால்டியும் கணக்கில் வருவதில்லை. 2022 டிசம்பர் 18-ஆம் தேதி நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நாமெல்லாம் இரவு 11 மணியிலிருந்து விழித்திருந்து பார்த்தோம். அர்ஜென்டினா 2-0 என்று முன்னணியில் இருந்தபோது 80-ஆவது, 81-ஆவது நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். 90 நிமிட முடிவு 2-2. கூடுதல் நேரத்தில் 3-3 ஆகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றது. அந்த ஆட்டத்தில் அர்ஜென்டினா வெல்லும் என்று 90 நிமிடப் பந்தயத்தில் கட்டியவர், மெஸ்ஸி கோப்பையைத் தூக்குவதைப் பார்த்தபடியே தோற்றிருந்தார். சமநிலைக்குக் கட்டியவருக்குத்தான் பணம். மொத்த கோல்கள் 4.5-க்கு மேல் என்று கட்டியிருந்தாலும் தோல்விதான், ஏனென்றால் ஆறு கோல்களில் நான்கு மட்டுமே 90 நிமிடத்திற்குள் வந்தவை. கோப்பையை யார் வெல்வார் என்பது தனிப் பந்தயம், அதற்கு வேறு விலை. எதற்குக் கட்டுகிறோம் என்பதைப் படிக்காமல் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

மலர் எழுதியது:

எல்லோருடைய பொறுமையையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு தயக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். சூதாட்டத்தால் சிதைந்த குடும்பங்களோடு தொண்டூழியராகப் பேசிப் பழகியவள் நான். இப்படித் துல்லியமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்ற துணிவு இளைஞர்களுக்கு வந்துவிடாதா? நான் சந்தித்தவர்களில் சிலர் ஹேண்டிகேப்பை இந்த நடுவரைப் போலவே தெளிவாக விளக்கக்கூடியவர்கள். அறிவு அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை.

கணக்காசிரியர் எழுதியது:

மலர் அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட நான் முயலவில்லை. விதிகளைத் தெரிந்துகொள்வது வேறு, விலையைத் தெரிந்துகொள்வது வேறு என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். -0.75 எப்படித் தீர்க்கப்படும் என்று தெரிந்தவர் விதியை அறிந்தவர். ஒவ்வொரு முறையும் தாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கூட்டிப் பார்த்தவர் விலையை அறிந்தவர். முதலாவது மட்டும் தெரிந்தவருக்கு நீங்கள் சொல்லும் துணிவு வரும். இரண்டாவதும் தெரிந்தவர் இதை ஒரு பொழுதுபோக்குச் செலவாக மட்டும் பார்க்கும் வாய்ப்புக் கூடுதல் என்பது என் நம்பிக்கை. ஏற்கெனவே அடிமையாகிவிட்டவரைக் கணக்கு மீட்காது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஈசூன் ரசிகன் எழுதியது:

சேர்த்துக் கட்டும் கணக்கு எனக்குப் புதிது, யோசிக்க வேண்டியதுதான். ஆனால் திறமையால் வெல்பவர்களே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. டெலிகிராமில் ஒரு குழுவில் இருக்கிறேன். அதை நடத்துபவர் கடைசி 100 ஹேண்டிகேப் பந்தயங்களில் 58 சரியாகச் சொல்லியிருக்கிறார், பட்டியலும் வெளியிட்டிருக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்காசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. 1.90 விலையில் இழப்பும் லாபமும் இல்லாமல் இருக்க 52.63 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். 58 அதைத் தாண்டியது என்பதால் கவனிக்கத் தக்கதுதான். இப்போது ஒரு காசைச் சுண்டிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு முறையில் அவருக்கு 58-ஓ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6.7 விழுக்காடு. அப்படியானால் எந்தத் திறமையும் இல்லாத நூறு பேர் டெலிகிராமில் குழு தொடங்கினால், ஆறேழு பேர் இத்தகைய பட்டியலை நேர்மையாகவே வெளியிட முடியும். மற்றவர்கள் குழுவை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் பார்ப்பது மிஞ்சியவர்களை மட்டும். அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை, நூறு ஆட்டங்கள் அதை நிறுவப் போதாது என்கிறேன். நீண்ட காலம் வெல்பவர்கள் உலகில் இருக்கக்கூடும். அவர்களுக்கு அது பெரும் தரவுகளோடு செய்யும் முழுநேரத் தொழில். அத்தகையவர் தம் கணிப்பைச் சந்தா வாங்கி விற்பதற்கு என்ன காரணம் என்பதையும் யோசியுங்கள்.

மலர் எழுதியது:

ஆசிரியரின் பிரிவினையைப் பற்றிச் சிந்திக்கிறேன். முழுமையாக மனம் ஒப்பவில்லை, ஆனாலும் தந்தையும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. தெம்பனிஸ் ஐயாவுக்கு நடைமுறையில் உதவக்கூடிய இரண்டு செய்திகள். பூல்ஸின் இணையக் கணக்கில், ஒரு நாளுக்கு எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு செலவிடலாம் என்ற வரம்புகளை வாடிக்கையாளரே வைக்க வேண்டும். மகன் என்ன வரம்பு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்த உரையாடல் "எவ்வளவு தோற்றாய்" என்ற கேள்வியைவிட எளிதாக இருக்கும். அடுத்து, தோற்றதை மீட்க வேண்டும் என்று தொகையை ஏற்றத் தொடங்கினாலோ கடன் வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. தம்மைத் தாமே கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கவும் அங்கே வழி உண்டு.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. வரம்பைப் பற்றி அவனிடம் கேட்டேன், தயங்காமல் காட்டினான். கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னான். கடைசியாக ஓர் ஐயம். வெள்ளிக்கிழமை 1.80 என்றிருந்த எண் சனிக்கிழமை மாலை 1.65 ஆகிவிட்டது. எதனால் மாறுகிறது? முன்பே கட்டியவருக்கும் புதிய எண்படிதான் பணம் தருவார்களா?

உட்லண்ட்ஸ் நடுவர் எழுதியது:

எதிரணியின் முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம் என்ற செய்தி வந்தாலும், ஒரே பக்கத்தில் பணம் அதிகமாகக் குவிந்தாலும் நிறுவனம் விலையைக் குறைத்துவிடும். குறைந்துவிட்டதாலேயே அந்த அணி இப்போது நல்ல தேர்வாகிவிட்டது என்று பொருளில்லை. அதே வெற்றிக்கு இப்போது குறைவாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பே கட்டியவருக்கு, பந்தயம் ஏற்கப்பட்ட நேரத்தில் இருந்த 1.80 தான் செல்லும். இது நிலை விலைப் பந்தயம். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடக்கும்வரை நாம் அங்கே பார்த்த டோட் முறையில்தான், எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, நிறுவனத்தின் பங்கு கழிக்கப்பட்டு, கட்டும் நேரம் முடிந்த பிறகே விலை தெரியவரும். மகனின் கணக்கில் பந்தயப் பதிவைத் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் கட்டிய நேரத்து எண் இருக்கும். அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.